கைராசி இல்லாதவன் ஒட்டிய குதிரை

குதிரை எழும்பிட்டு

"குதிரை எழும்பிட்டு, ஒடனே ஆள் வரணும்" என்று ரைட்டர் வீட்டு வேலைக்காரன் வந்து சொன்னபோது எங்கள் மேஸ்திரி பட்டறை வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ரைட்டர் வீட்டில் குதிரை வண்டி உண்டு.

"குதிரை எழும்பினா வண்டிக்காரன்ட்ட போய்ச் சொல்லுலே. ஆர்மோனியப் பட்டறைக்கு என்னத்துக்கு வாற?" என்று மேஸ்திரி அவனைத் திருப்பி அனுப்பினார். அவனும் கேள்வி கேட்காமல் போய் வண்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மத்தியானம் ரைட்டரே கையில் ஒரு கித்தாரைத் தூக்கிக்கொண்டு வந்துசேர்ந்தார்.

வீணையோ, பிடிலோ, கித்தாரோ, தந்தியைத் தாங்கி நிற்கும் கட்டைக்கு எங்கள் தொழிலில் குதிரை என்று பெயர். இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகள் பிரிட்ஜ் என்கிறார்கள். எழும்பியிருந்தது அந்தக் கட்டைதான். அதன் பின்பக்கம், ஒரு ஈர்க்குச்சி நுழையும் அளவுக்கு, பலகையை விட்டுக் கிளம்பி நின்றது.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. கோட்டாறு கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அடுத்த கதவு எங்கள் பட்டறை. ஆர்மோனியம், பிடில், சுருதிப்பெட்டி எல்லாம் பழுது பார்ப்போம். மழைக்காலத்தில் குடையும் பார்ப்போம். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மேஸ்திரிக்குத் தமிழும் மலையாளமும் சரளமாக வரும். இரண்டு பாஷையிலும் அவருக்கு வராத சொல் ஒன்றுதான்: தெரியாது.

ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவர் என்று நினைக்க வேண்டாம். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது பெட்டிகளில் இடமில்லாமல் விட்டுப்போன கித்தார் அது. "துரை எனக்குச் செஞ்ச மரியாதையாக்கும்" என்று ரைட்டர் சொல்வார். அவருக்கு வாசிக்கத் தெரிந்தது ஒரே ஒரு கீர்த்தனை. கல்யாண வீட்டில் அதை வேகமாக வாசிப்பார், துக்க வீட்டில் மெதுவாக வாசிப்பார். சர்ச்சில் வரப்போகும் அறுப்பின் பண்டிகையில் சபைக்கு முன்னால் வாசிக்கக் கமிட்டி அவருக்கு அனுமதி கொடுத்திருந்தது. கமிட்டியில் அவரும் ஒரு மெம்பர்.

"பண்டிகைக்கு முன்ன செரியாக்கித் தரணும் மேஸ்திரி. சீமைச் சாமான், பாத்துக்கிடும்."

"நாங்க பாக்காத கித்தாரா அய்யா?" என்றார் மேஸ்திரி. அன்றுதான் அவர் வாழ்க்கையில் முதல் கித்தாரைப் பார்க்கிறார். வாங்கித் திருப்பிப் பார்த்தார். துளை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "லே சுயம்பு, சின்ன வேலை. நீயே செய்யி." தெரியாத வேலை எல்லாம் எங்கள் பட்டறையில் சின்ன வேலைதான்.

முதல் ஒட்டு

பிடிலில் குதிரையை ஒட்டுவதில்லை. தந்தி மேலிருந்து அழுத்துவதால் அது தானாக நிற்கும். கித்தாரில் கதை வேறு. தந்தியின் ஒரு முனையைக் குதிரையிலேயே கட்டியிருப்பதால், இரவும் பகலும் தந்தி அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்புக்கு ஈடுகொடுப்பது பசை மட்டும்தான். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு காலைப்பொழுது ஆனது.

மேஸ்திரி ஒரு சுருக்கு வழி சொன்னார். "நாலு ஆணி அடிச்சிரு." சீமைச் சாமானில் ஆணி அடித்தால் ரைட்டர் நம்மை அடிப்பார் என்று சொல்லித் தப்பித்தேன்.

தந்திகளைத் தளர்த்திக் கழற்றினேன். மெல்லிய கத்தியைக் கரி அடுப்பில் காட்டி, குதிரைக்கு அடியில் பைய நுழைத்து, பழைய பசையை இளக்கி எடுத்தேன். பக்கத்துக் கடையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பப்படம் பொரிக்கிற வாசனை தூக்கியடித்தது. பசி வேறு. குதிரை இருந்த இடத்தை ஊசியால் கீறி அடையாளம் வைத்துக்கொண்டேன். ஒரு நூல் தள்ளி ஒட்டினாலும் சுருதி சேராது. இரண்டு பரப்பையும் சுரண்டினேன். வச்சிரம் காய்ச்சினேன். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற தச்சுப் பசைதான் வச்சிரம். அதை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சட்டியை இறக்கிக் காய்ச்ச வேண்டும். சூடாக இருக்கும்போது தடவி, ஆறுவதற்குள் அமுக்கிவிட வேண்டும்.

அமுக்குவதற்கு வழியில்லாமல்தான் திண்டாடினேன். குதிரை நிற்பது பலகையின் நடுவில். எங்களிடம் இருந்த, திருகி இறுக்கும் கிளாம்புக்கு அவ்வளவு நீள வாய் கிடையாது. துளை வழியாக உள்ளே ஒரு குச்சியை முட்டுக்கொடுத்து, மேலே கயிற்றுக் கட்டுப் போட்டு, கயிற்றுக்குள் ஆப்பு அடித்து இறுக்கினேன். இரண்டு நாள் கழித்துத் தந்தி ஏற்றினேன். நின்றது. ரைட்டர் பட்டறையிலேயே அந்தக் கீர்த்தனையை வாசித்துக் காட்டினார். சந்தோஷமாக இருந்ததால் வேகமாக வாசித்தார்.

மூன்று வாரத்தில் அதே வேலைக்காரன் வந்து நின்றான். இந்த முறை தெளிவாகச் சொன்னான். "கித்தாருக்க குதிரை எழும்பிட்டு."

கைராசி

ரைட்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவனாக்கும். ராசி கீசி ஒண்ணும் நம்பமாட்டேன்" என்றார். பிறகு மேஸ்திரியிடம் திரும்பி, "ஆனா இந்தப் பயலுக்குக் கைராசி இல்ல" என்றார்.

கடைத்தெருவில் ஒரு பேச்சு பரவ ஒரு பகல் போதும். மறுநாள் பிடில் கொண்டுவந்த ஒருவர், "அந்தப் பையன் தொடாண்டாம் மேஸ்திரி, நீரே பாரும்" என்று என் காதுபடச் சொன்னார். ஆர்மோனியம் கொண்டுவந்த பஜனைக்காரர், நான் பெட்டியை இறக்கிவைக்கப் போனபோது, "இருக்கட்டு, இருக்கட்டு" என்று தானே இறக்கிவைத்தார். மேஸ்திரி என்னைக் குடைக்கம்பியில் துரு சுரண்டுகிற வேலைக்கு மாற்றினார். குடைக்கு ராசி வேண்டாம் போலிருக்கிறது.

கை நன்றாக இல்லை என்றால் பழகிப் பழகிச் சரிசெய்துகொள்ளலாம். கைராசி இல்லை என்றால் என்ன செய்வது? வேறு கை எங்கே கிடைக்கும்? துரு சுரண்டிக்கொண்டிருக்கும்போது என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

மேஸ்திரி ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார். தோவாளைப் பக்கத்தில் வேலப்பன் என்று ஒருவர். வயலில் முதல் விதையை அவர் கையால் போடச் சொல்லித் தேடி வருவார்கள். கடை திறந்தால் முதல் வியாபாரம் அவரோடுதான். அவர் நட்ட தென்னை காய்க்காமல் இருந்ததில்லை என்று சொல்வார்கள். இதற்காக அவருக்கு நல்ல சாப்பாடும் வேட்டியும் கிடைக்கும். வேறு வேலை எதுவும் அவர் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. "பசையை நீ போடு. அமுக்குறத வேலப்பன் அமுக்கட்டு" என்றார் மேஸ்திரி.

குறித்த நாளில் ரைட்டரும் வந்து உட்கார்ந்தார். குதிரையைக் கழற்றிச் சுரண்டி, வச்சிரத்தைச் சரியான பதத்தில் காய்ச்சி, தடவியும் விட்டேன். வேலப்பன் கையை நீட்டினார். ரைட்டர் பாக்கெட் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பொறு. ராகுகாலம் முடியட்டு" என்றார்.

"அய்யா ராகுகாலம் பாப்பியளா?" என்று கேட்டார் வேலப்பன்.

"நான் பாக்கமாட்டேன். ஆனா எதுக்கு வம்பு?"

"பசை ஆறிப்போவும் மேஸ்திரி" என்றேன் நான்.

"ராகு பெருசா, உனக்க பசை பெருசாலே?" என்றார் மேஸ்திரி.

ராகுகாலம் முடிவதற்குள் வச்சிரம் பாலாடை மாதிரி மேலே படிந்துவிட்டது. அதன்மேல் வேலப்பன் பக்தியோடு அமுக்கினார். நான் கயிறு கட்டினேன். இந்த முறை குதிரை மூன்று வாரம்கூடக் காத்திருக்கவில்லை, எட்டாம் நாளே எழும்பிவிட்டது. யார் குற்றம்? ராகுவின் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. "வேலப்பனுக்க கைராசியையே கெடுத்துப்போட்டான் இந்தப் பய" என்றார் ரைட்டர்.

அவர் போனபிறகு மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். "லே, நான் கெட்டவன் இல்ல. ஆனா பண்டிகைக்குக் குதிரை நிக்கல்லன்னா நீ வேற எடம் பாத்துக்க." வேறு இடம் எங்கே இருக்கிறது? ராசியில்லாத கை என்ற பேர் எனக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருக்கும்.

பப்படம்

மூன்றாம் முறை குதிரையைக் கழற்றிய அன்று வெள்ளிக்கிழமை. சாப்பாட்டுக் கடைக்காரர் தன் மகள் கல்யாணத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். நான் கத்தியைச் சுடவைத்துக் குதிரைக்கு அடியில் நுழைத்தேன். பப்படம் பொரிக்கிற வாசனை தூக்கியடித்தது.

"எவம்லே பப்படம் பொரிக்கான்? கடை பூட்டியில்லா இருக்கு?" என்று உள்ளேயிருந்து மேஸ்திரி கேட்டார்.

நான் குனிந்து கித்தாரை முகர்ந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய். மரம் அதைக் குடித்துக் குடித்து மஞ்சளித்துப் போயிருந்தது. சூடான கத்தி பட்டதும் எண்ணெய் பொரிந்து மணக்கிறது. இரண்டு முறையும் அதே வாசனைதான் வந்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் எங்கள் மூக்கை ஏமாற்றிவிட்டார். எண்ணெய் ஏறிய மரத்தில் எந்தப் பசை பிடிக்கும்? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கை மேல் குற்றமில்லை என்று தெரிந்ததில் அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் சனிக்கிழமை. குதிரையில்லாத கித்தாரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரைட்டர் வீட்டுக்குப் போனேன். ரைட்டர் கிணற்றடியில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ரைட்டரம்மா அவர் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். பெரிய மனுஷி. ரைட்டர் ஊரை அதட்டுவார், அம்மா ரைட்டரை அதட்டுவார்.

என் கையில் கித்தாரைக் கண்டதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கொண்டு வந்தியா மக்கா? போன சனியாச்சையும் தேய்க்கல்ல" என்று வாங்கி, மடியில் கிடத்தி, கணவர் தலைக்கு வைத்த மிச்ச எண்ணெயை அதன்மேல் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். குதிரை இருந்த இடம் வெறும் மரமாகக் கிடந்தது. "இங்க தோல் உரிஞ்சிருக்கே, பாவம்" என்று அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வைத்தார்.

"அம்மா, எல்லா சனிக்கிழமையும் தேய்ப்பியளா?"

"பின்ன? வெயில்ல வெடிச்சுப் போவாதா? கதவுக்குத் தேய்க்கேன். தொட்டிலுக்குத் தேய்க்கேன். இவியளுக்கும் தேய்க்கேன். எதாவது வெடிச்சிருக்கா?"

ரைட்டர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்ணெய் கண்ணில் இறங்கிவிடும் என்பதற்காகவோ, வேறு எதற்காகவோ.

எண்ணெய் பலகைக்குள் இறங்கிப் பசையைக் கிளப்பிவிடுகிறது, இதற்கு இனி எண்ணெய் காட்டவே கூடாது என்று எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாகச் சொன்னேன். அம்மா ஒத்துக்கொண்டார். "இப்பம் எண்ணெய போக்கணும், அவ்வளவுதானே? வச்சிட்டுப் போ. நான் போக்கித் தாரேன்." துணியால் துடைத்துத் தருவார் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

சீயக்காய்

எண்ணெய் தேய்த்தால் அதை எப்படிப் போக்குவது என்று இந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். அது தெரிந்தும் எனக்கு அன்று உறைக்கவில்லை. திங்கட்கிழமை கித்தார் ஒரு போர்வையில் வந்தது. போர்வையைப் பிரித்தால் துண்டு துண்டாக இருந்தது. வெந்நீரும் சீயக்காயும் போட்டு நன்றாகக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகையும் காட்டியிருந்தார்கள். வச்சிரத்தில் ஒட்டிய சாமான் வெந்நீரில் நனைந்தால் என்ன ஆகும்? முதுகுப் பலகை முழுதாகக் கழன்றுவிட்டது. முன்பலகை நெளிந்திருந்தது. மணம் மட்டும் அருமையாக இருந்தது.

பின்னாலேயே ரைட்டர் வந்தார். அவர் கோபத்தை வீட்டில் காட்ட முடியாது. எனவே அதை அப்படியே பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார். "எண்ணெய போக்கணும்னு நீதானேலே சொன்ன?"

"நான் சொன்னது..."

"சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"கேட்டீரா மேஸ்திரி? அவனே ஒத்துக்கிட்டான்."

மேஸ்திரி என் துணிப்பெட்டி இருந்த மூலையைப் பார்த்தார். நான் கித்தாரைப் பார்த்தேன். முதுகு திறந்து கிடந்தது. உள்ளே, குதிரை நிற்கும் இடத்தின் அடிப்பக்கம், கண்ணுக்கு எதிரே தெரிந்தது. இத்தனை நாள் துளை வழியாகக் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்த இடம். பக்கப் பலகைக்கு மேலாக எங்கள் சாதாரணக் கிளாம்பை நீட்டினாலே எட்டும். அம்மா தெரியாமல் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

"ஒரு மாசம் தாருங்க அய்யா. பண்டிகைக்கு நிக்கும்" என்றேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. ரைட்டர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி வழக்கம்போல, "நாங்க பாக்காத கித்தாரா?" என்றார்.

வெயில் படாமல் நிழலில் உலர்த்தினேன். நெளிந்த முன்பலகையைத் தட்டையான கட்டைகளுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றினேன். குதிரை நிற்கும் இடத்தை ஸ்பிரிட்டால் திரும்பத் திரும்பத் துடைத்து, எண்ணெய் மணம் போகும்வரை, வெள்ளை மரம் தெரியும்வரை சுரண்டினேன். கடைசியாகச் சுட்ட கத்தியைக் கிட்டே காட்டி முகர்ந்து பார்த்தேன். பப்படம் மணக்கவில்லை.

மேஸ்திரி ஒட்டுவதற்கு ஒரு திங்கட்கிழமையைக் குறித்தார். காலை ராகுகாலம் கழிந்து வேலப்பன் வருவதாக ஏற்பாடு. நான் விடியும்போதே பட்டறையைத் திறந்து, காற்று வராமல் கதவைச் சாத்தினேன். குதிரையை அடுப்புப் பக்கம் வைத்துச் சூடாக்கினேன். வச்சிரத்தைத் தடவினேன், வைத்தேன், கிளாம்பை முறுக்கினேன். விளிம்பில் பசை முத்து முத்தாகப் பிதுங்கியது. அந்த முத்துக்களைப் பார்த்தால் போதும், ஒட்டு சரி என்று தெரிந்துவிடும்.

வேலப்பன் வந்தபோது மேஸ்திரி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துத் தயாராக நின்றார். வேலப்பன் கிளாம்புகளுக்கு நடுவே பெருவிரலை வைத்து அமுக்கினார். பிறகு விளிம்பில் பிதுங்கியிருந்த பசையை நகத்தால் கீறிப் பார்த்தார். கல்லாகியிருந்தது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். போச்சு என்று நினைத்தேன்.

"கொள்ளாம். நிக்கும்" என்று சொல்லிவிட்டு வேட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பண்டிகை

முதுகுப் பலகையையும் ஒட்டி மூடித் தந்தி ஏற்றினேன். நின்றது. அறுப்பின் பண்டிகையில் ரைட்டர் கீர்த்தனையை இரண்டு தடவை வாசித்தார். ஒருவரும் கேட்கவில்லை, அவராகவே இரண்டாம் தடவை வாசித்தார். காணிக்கையாக வந்த வாழைக்குலைகளையும் பூசணிக்காய்களையும் ஏலம் விடும்போது சபையாருக்குள் பேச்சு இதுதான். வேலப்பன் கைராசி என்றார்கள் ஒரு பாதிப்பேர். அம்மா கையால் குளிப்பாட்டியதால்தான் நின்றது என்றார்கள் மறுபாதிப்பேர். மேஸ்திரி இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார். என் பெயரை யாரும் சொல்லவில்லை. மனசுக்கு வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலை போகவில்லை. அடுத்த மாதமே சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டிய ஆர்மோனியம் ஒன்று பட்டறைக்கு வந்தது. அதன் துருத்தியைக் காயவைக்கவே பத்து நாள் ஆனது. பிறகு இன்னொன்று வந்தது. அந்த வருடம் எங்களுக்கு நல்ல வருடம்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒட்டு விடுகிறது என்று ஒரு சாமான் வந்தால், பசையைத் தேடுவதற்கு முன்னால் வீட்டில் இதற்கு என்ன தேய்க்கிறீர்கள் என்று கேளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதோடு நிறுத்தாமல், என்ன செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

கைராசியைப் பற்றிய பாடத்தை நான் வேலப்பனிடம்தான் கற்றேன். பண்டிகை முடிந்து கொஞ்ச நாளில், மேஸ்திரி வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து அவர் பட்டறைக்கு வந்தார். கக்கத்தில் ஒரு பழைய சுருதிப்பெட்டி. பலகை வாய்பிளந்து காற்றுப் போய்க்கொண்டிருந்தது. என் முன்னால் வைத்தார்.

"மக்கா, இத ஒட்டித் தா. வேற யாரும் தொடாண்டாம்."

எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. வச்சிரத்தைக் காய்ச்சித் தடவிவிட்டு, "வேலப்பண்ணா, ஒங்க கைதான் இருக்கே. வந்து ஒரு தடவ அமுக்குங்க" என்றேன்.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பெட்டியை விட்டு நாலடி தள்ளிப் போய் நின்றார்.

"வெளையாடாத மக்கா. இது எனக்க சொந்தப் பெட்டியாக்கும்."